சிமெண்டை எடுக்க அனுமதி பெற்ற அனுபவம்

லண்டன் இஸ்லிங்டனில் நாங்கள் வசிக்கும் வரிசை வீடு ஜார்ஜ் மன்னர்கள் காலத்தது. சட்டப்படி பாதுகாக்கப்படும் வரலாற்றுக் கட்டடங்களின் பட்டியலில் கிரேடு 2 என்ற தரத்தில் உள்ளது. அதன் முகப்பில் முன்பு யாரோ செய்துவைத்த சிமெண்ட் பாயிண்டிங்கை, அதாவது செங்கற்களின் இடுக்குகளை நிரப்பிய சிமெண்ட் சாந்தை, அகற்றிச் சுண்ணாம்புச் சாந்து வைக்க விரும்பினோம். பட்டியலிடப்பட்ட கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் வேலையை அனுமதியின்றிச் செய்வது 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால், முதலில் உள்ளாட்சி மன்றத்துக்கு விண்ணப்பித்தோம். கட்டணம் இல்லை, ஆனால் வீட்டின் வரலாற்று மதிப்பை விளக்கும் அறிக்கை கட்டாயம்.

அந்த அறிக்கைக்காகச் சுவரை ஊன்றிப் பார்த்தது, வேலையின் போக்கையே மாற்றியது. மேலும் கீழும் நகரும் ஜன்னல்களின் எடைகளைத் தாங்கும் மரப்பெட்டிகள் செங்கல்லுக்குப் பின்னால் மறைந்திருந்தன. தீ பரவாதிருக்க 1774-ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம் வகுத்த முறை அது. செங்கல்லின் நீளப் பக்கமும் குறுகிய தலைப் பக்கமும் மாறி மாறி வரும் பிளெமிஷ் கட்டு, ஒவ்வொரு தலையும் சுவருக்குள் நீண்டு பிணைப்பதாக நம்பவைக்கிறது. உண்மையில், விற்பதற்காக வீடு கட்டிய அக்காலக் கட்டுநர்கள் விலைகூடிய முகப்புச் செங்கல்லை மிச்சப்படுத்தப் பல தலைகளைப் பாதியாக உடைத்தே பதித்தார்கள். இத்தகைய முகப்புகளின் கம்பீரத்தில் பாதி பாசாங்குதான். எங்கள் முகப்பும் அப்படிப்பட்டதே என்பதால், அரைச் செங்கல் கனமுள்ள முன்தோல் உட்சுவரிலிருந்து பிரிந்து புடைத்திருக்கிறதா என்று பொறியாளரைக் கொண்டு சோதித்த பிறகே விண்ணப்பத்தை முடித்தோம்.

மரபுப் பாதுகாப்பு அலுவலர் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் சாந்தைப் பற்றியவை. சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருந்தால்தான் சுவரின் ஈரம் இடுக்குகள் வழியே வெளியேறும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டால், ஈரம் செங்கல்லிலேயே தங்கி, உறைபனியில் அதன் முகம் செதில் செதிலாக உதிரும். எங்கள் மஞ்சள் நிற லண்டன் ஸ்டாக் செங்கற்களில் அந்தச் சேதம் கண்ணுக்கே தெரிந்தது.

அனுமதி நிபந்தனைகளோடு வந்தது: மின் அறுப்பான் கூடாது, உளியால் மட்டுமே சிமெண்டை எடுக்க வேண்டும், சிறு மாதிரிப் பகுதி ஒன்றை முடித்துக் காட்டி ஒப்புதல் பெற்ற பின்பே மற்றதைத் தொட வேண்டும். மாதிரியில் மணலின் நிறம் பொருந்துவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. பனிக்காலம் கழிந்தபின் தொடங்கிய வேலையில், புதுச் சாந்து விரைந்து உலராதபடி ஈரச் சாக்குத் துணியால் மூடிவைத்தார்கள். ஜன்னல்களுக்கு மேலுள்ள, இழைத்த செங்கல் வளைவுகளை மட்டும் தொடவில்லை. சில மில்லிமீட்டரே அகலமுள்ள அவற்றின் இணைப்புகளில் பழைய சுண்ணாம்பு இன்னும் உறுதியாக இருந்தது.