பெய்யாத நாளின் கணக்கு

பணியில் சேர்ந்ததும் என் மேசைக்கு முதலில் வந்தவை, செட்டிநாட்டுப் பகுதி மழைமானி நிலையங்களின் பழைய பதிவேடுகள். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் என்று ஊர்ப்பெயர் எழுதிய அட்டைகள், கரையான் தின்றதுபோக மிஞ்சியிருந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றி, மாதவாரியாகக் கூட்டி, எந்த ஆண்டு வறட்சி, எந்த ஆண்டு செழிப்பு என்று பட்டியலிட்டுத் தரவேண்டும். அக்டோபர், நவம்பர் பக்கங்கள் நெருக்கமாக நிரம்பியிருந்தன. பிப்ரவரி முதல் மே வரையிலான பக்கங்களிலோ சில கட்டங்களில் 0.0 என்று எழுதியிருந்தது, சிலவற்றில் ஒரு சிறு கோடு இருந்தது, பல கட்டங்களில் ஒன்றுமே இல்லை. கோடையில் மழை ஏது என்ற எண்ணத்தில் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டேன்.

என் மேலதிகாரி அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "மழை பெய்யலைன்னு எழுதியிருக்காங்களா, இல்ல அன்னைக்கு யாரும் போய்ப் பாக்கலையா? அது தெரியாம நீங்க எப்படிப் பூஜ்யம் போட்டீங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. பூஜ்யம் என்பது ஒருவர் காலையில் எழுந்து போய், மானியைத் திறந்து, உள்ளே நீர் இல்லை என்று கண்டறிந்து எழுதிய அளவீடு. வெறுங்கட்டம் அப்படியன்று. கோடையில் இடியோடு பெய்த ஒரு நல்ல மழை அந்த வெறுங்கட்டத்துக்குள் மறைந்துகிடக்கலாம். அதைப் பூஜ்யமாக்கினால் வராத வறட்சியை நானே உண்டாக்கியவன் ஆவேன். அந்த மாதம் முழுவதும் உட்கார்ந்து, எல்லாவற்றையும் மறுபடியும் முதலிலிருந்து ஏற்றினேன். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் நான் பார்த்த வேலை அனைத்தும் அந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தவை என்றே கருதுகிறேன்.

நம் நாட்டில் மழையளவு காலை 8.30 மணிக்கு எடுக்கப்படுகிறது. முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்த நீர், அளந்த நாளின் கணக்கில் சேரும். தீபாவளி இரவில் கொட்டிய மழை பதிவேட்டில் மறுநாள் தேதியில்தான் இருக்கும். "எங்க ஊர்ல அன்னைக்கு வெள்ளமாப் போச்சு, நீங்க ஒன்னும் இல்லைன்னு வச்சிருக்கீங்களே சார்" என்று வருத்தத்தோடு வந்த விவசாயிகள் பலருக்கு இந்த ஒரு விதியைப் பொறுமையாக விளக்கியிருக்கிறேன். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால்தான் அது மழைநாளாக எண்ணப்படும். மண்ணை நனைக்காத தூறலும் எழுதப்பட வேண்டும், ஆனால் மழைநாள் எண்ணிக்கையில் அது சேராது.

கருவி எளியது என்பதனாலேயே அதில் நேரும் பிழை கண்ணில் படுவதில்லை. மழைமானியின் வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. ஆகவும் இருக்கும், 100 சதுர செ.மீ. ஆகவும் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவுக் குவளை உண்டு. ஒரு நிலையத்தின் மழை, குறிப்பிட்ட ஒரு மாதத்திலிருந்து சுற்றியுள்ள நிலையங்களின் மழையில் பாதியாகவே இருந்துவந்தது. அந்த நிலையத்தின் அளவுகளை ஆண்டுக்கணக்கில் கூட்டிக்கொண்டே போய், அக்கம்பக்கத்து நிலையங்களின் கூட்டுத்தொகைக்கு எதிரே வரைந்தால் கோடு நேராகச் செல்ல வேண்டும். இங்கே அது அந்த மாதத்தில் ஒடிந்து சாய்ந்தது. நேரில் போய்ப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. பழைய மானி உடைந்து, சிறிய வாயுள்ள புதிய மானி வந்திருந்தது. குவளை மட்டும் பழையதாகவே இருந்தது. 10 மி.மீ. மழையை அது 5 மி.மீ. என்று காட்டிக்கொண்டிருந்தது. அளந்தவர் ஒருநாளும் தவறாமல் அளந்திருந்தார் என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது. குவளை மாறிய தேதி தெரிந்ததால் அந்தக் கணக்கைத் திருத்த முடிந்தது. வேறோர் ஊரில் மானியருகே வேம்பு வளர்ந்து, கிளை பரப்பி, மழையை மறைத்திருந்தது. மரம் என்று மறைக்கத் தொடங்கியது என்று யாராலும் சொல்ல இயலாததால் அந்த ஆண்டுகளின் அளவுகளை ஒதுக்கிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

செட்டிநாட்டுக்கென்று தனியாக ஒரு மழைக்கணக்கு அரசு ஏடுகளில் கிடையாது. ஒரே செம்மண் பூமி, ஒரே மாதிரியான கண்மாய்கள். ஆனாலும் ஒரு பகுதி சிவகங்கை மாவட்டத்திலும் மற்றொரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்திலும் இருக்கிறது. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம், 1974இல் மாவட்டமானது. சிவகங்கை 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தோடு இருந்தது. நூறாண்டுத் தொடரை உருவாக்க முயல்பவர் இத்தனை ஆவண அறைகளிலும் தேடியாக வேண்டும். மாவட்டச் சராசரி என்ற எண்ணின்மீது எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு. ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் இடிமழை கானாடுகாத்தானில் கொட்டும். அருகிலுள்ள பள்ளத்தூரில் புழுதி அடங்காது. அந்த இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்த மழை எந்த வயலிலும் பெய்யவில்லை.

ஆண்டுகளுக்கும் இது பொருந்தும். 2015இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிடச் சுமார் 53 விழுக்காடு மிகுதி. 2016இல் அதே பருவம் சுமார் 62 விழுக்காடு குறைவு. இரண்டையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் பெரிய குறை தெரியாது. ஆனால் 2017 ஜனவரி 10 அன்று மாநிலத்தின் அன்றைய 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவிக்க நேர்ந்தது. அதற்கு முந்தைய 2016 டிசம்பரில் எங்கள் பதிவேட்டில் 0.0 என்ற எண் பக்கம் முழுவதும் இறங்கிக்கொண்டே வந்தது. விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்திருந்த அந்த நாள்களில், ஒவ்வொரு பூஜ்யமும் உண்மையாகவே அளந்து எழுதியதுதானா என்று நிலையம் நிலையமாகத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்தேன். நிவாரணத்துக்கு அடிப்படையாகப் போகும் கணக்கில் ஒரு கட்டமும் ஊகமாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.

வறட்சியை ஒரே எண்ணால் சொல்ல முடியாது என்பதைப் பின்னரே கற்றேன். 1993இல் கொலராடோவைச் சேர்ந்த மெக்கீயும் உடன்பணியாற்றியோரும் வகுத்த எஸ்.பி.ஐ. என்னும் மழைக் குறியீடு, மழை இயல்பைவிட எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று காட்டும். அதை 3 மாத மழைக்கும் கணக்கிடலாம், 12 மாத மழைக்கும் கணக்கிடலாம். பயிரின் வாட்டத்தை 3 மாதக் குறியீடு சொல்லும். கண்மாய், கிணறுகளின் நிலையை 12 மாதக் குறியீடு சொல்லும். முன்னது மேலேறிய பிறகும் பின்னது நெடுநாள் கீழேயே கிடக்கும்.

கானாடுகாத்தான் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கிணற்று நீர்மட்டம் அளக்கப் போனபோது, ஊருணிக் கரையில் ஓர் ஆச்சியைச் சந்தித்தேன். "நீங்க நாடா விட்டுப் பாக்குறீக தம்பி. நாங்க படியைத்தான் எண்ணுவோம். தைப் பொங்கலுக்கு ஏழு படி வெளியில தெரிஞ்சா, சித்திரையில அடிமண்ணு தெரிஞ்சிரும்" என்றார். அன்று முதல் ஒவ்வொரு தையிலும் அந்த ஊருணியின் படிகளை எண்ணி என் குறிப்பேட்டில் எழுதிவந்தேன். என் 12 மாதக் குறியீடு இறங்கிய ஆண்டுகளில் படிகளும் கூடுதலாகவே வெளியே தெரிந்தன. ஓர் ஆண்டு மட்டும் மழை நிறைவாக இருந்தும் படிகள் வெளியே நின்றன. மானியைச் சோதித்தேன், குவளையைச் சோதித்தேன், பிழை இல்லை. பிறகு ஊருணிக்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பிடித்துக்கொண்டு மேற்கே நடந்துபோனால், வீட்டுமனைக்காக மண் கொட்டி அது மூடப்பட்டிருந்தது. மழை பெய்தும் வறண்ட அந்த ஊருணியை எந்த மழைக் குறியீடும் காட்டியிருக்காது.

வெப்பநிலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி உயர்ந்துள்ளது. கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் நம் கண்மாய்கள் பரப்பில் அகன்றவை, ஆழத்தில் குறைந்தவை. வெயில் சற்றே ஏறினாலும் ஆவியாகும் நீர் கூடும். மழை பொய்த்த ஆண்டில் மண்ணில் ஈரமில்லாததால், ஆவியாக்கச் செலவாக வேண்டிய வெப்பமும் காற்றையே சூடாக்குகிறது. ஆகையால் மழையேட்டையும் வெப்பநிலை ஏட்டையும் எப்போதும் அருகருகே வைத்தே படித்தேன்.

ஓய்வு பெறுவதற்கு முன் பதிவுப் படிவத்தில் ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்க்கும்படி கேட்டேன். அளக்காத நாளில் ஏன் அளக்கவில்லை என்பதை எழுதுவதற்கான பத்தி அது. பொறுப்பை ஒப்படைத்த வாரத்தில் வந்த தாள்களில் ஒன்றில், ஒரு நாளுக்கு எதிரே "வீட்டில் துக்கம், செல்லவில்லை" என்று நீல மையில் எழுதியிருந்தது. எண்ணுக்குரிய கட்டத்தை அவர் காலியாகவே விட்டிருந்தார்.