தனி ஆவர்த்தனத்தில் 9 ஃபிரேம்

கடந்த மார்கழியில் அக்கா மகளின் கச்சேரியைப் படம்பிடித்துத் தொகுத்துத் தருவதாக நானே வலியப் போய் ஒப்புக்கொண்டேன். மிருதங்கம் வாசித்தவன் என் தம்பி மகன். அரங்கின் பின்வரிசையில், மேடையிலிருந்து ஏறக்குறைய 20 மீட்டர் தள்ளி, விநாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப்படங்கள், பதிவு செய்யும் கேமரா. மேடையின் பக்கவாட்டில், மிருதங்கத்தை மட்டும் பார்க்கும்படி ஒரு கைப்பேசி. மேடை மைக்குகளின் ஒலி வந்து சேரும் மிக்ஸரிலிருந்து ஒயர் இழுத்து ஒலியை நேராக வாங்கிக்கொள்ள ஒரு சிறிய ரெக்கார்டர். மூன்றும் கச்சேரியின் முதல் பாட்டான வர்ணத்துக்கு முன்பே ஓடத் தொடங்கி மங்களம் வரை நிற்காமல் ஓடின.

தொடங்குமுன் மேடை மைக்கின் முன்னால் ஒருவரை ஒருமுறை கைதட்டச் சொல்லியிருந்தேன். எடிட்டிங்கில் அந்தக் கைதட்டல் மூன்று ஒலிக்கோடுகளிலும் ஊசிபோல் எழுந்து நின்றதால், ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பொருத்துவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வர்ணம் சரியாக இருந்தது. அடுத்த கீர்த்தனையும் சரியாகவே தோன்றியது. ஆனால் 1 மணி 40 நிமிடத்தில், மிருதங்கம் தனியாக வாசிக்கப்படும் தனி ஆவர்த்தனத்துக்குப் போனபோது, கை விழுந்து எழுந்து அடுத்த சொல்லுக்கு, அதாவது அடுத்த தட்டுக்கு, தயாரான பிறகே முந்தைய சொல் கேட்டது. எண்ணிப் பார்த்தேன்: 9 ஃபிரேம், அதாவது 360 மில்லி விநாடி.

இந்த இடத்தில் எல்லோரும் செய்யும் தவற்றைத்தான் நானும் செய்தேன். ஒலியை மொத்தமாக 9 ஃபிரேம் முன்னால் இழுத்துவிட்டேன். தனி ஆவர்த்தனம் சரியாயிற்று, வர்ணம் கெட்டது. குட்டைப் போர்வையைக் காலுக்கு இழுத்தால் தலை தெரிகிற கதைதான். ஒலி விலகியிருக்கிறது என்று தெரிந்தவுடன், அது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவில் விலகியிருக்கிறதா, போகப்போக வளர்கிறதா என்பதை இரு முனைகளிலும் பார்த்துத் தீர்மானிக்காமல் எதையும் நகர்த்தக் கூடாது என்று இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன். முன்னதற்கு நகர்த்துவது மருந்து; பின்னதற்கு அது மருந்தே அல்ல.

வளர்வதற்குக் காரணம் கடிகாரம். கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் தனித்தனிப் படிகக் கடிகாரங்கள் உண்டு. அவை ஒன்றையொன்று அறியாதவை. விநாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் என்று எழுதிக்கொண்டு ஒரு ரெக்கார்டர் உண்மையில் 48,003 எடுத்தால், கோப்பு அந்த அளவுக்கு நீண்டு, 100 நிமிடத்தில் ஏறக்குறைய என்னுடைய 9 ஃபிரேம் வந்து நிற்கும். லட்சத்தில் 6 பங்கு பிழை. காதால் அறிய முடியாதது, கண்ணில் பட்டுவிடுகிறது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒலியின் வேகத்தை 0.006 சதவீதம் கூட்டியதும் இரு முனைகளும் ஒன்றாயின. சுருதி ஏறிவிடாதா என்று அக்கா கவலைப்பட்டாள். ஏறும், ஒரு ஸ்வரஸ்தான இடைவெளியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. சுருதியை மாற்றாமல் நீளத்தை மட்டும் மாற்றும் வசதியைத் தொட்டிருந்தால்தான், மிருதங்கச் சொற்களின் கூர்மை மழுங்கியிருக்கும்.

கைப்பேசியின் நோய் வேறு. மேடை விளக்கு மங்கும்போது அது தன் ஃபிரேம் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, வெளிச்சம் வந்ததும் ஏற்றிக்கொள்கிறது. சீரான வேகத்தை எதிர்பார்க்கும் எடிட்டிங் மென்பொருள் இதில் தடுமாறிவிடுகிறது. டைம்லைனில் போடுவதற்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொண்டேன், பிரச்சினை தீர்ந்தது.

எல்லாம் முடிந்தது என்று தம்பி மகனுக்குப் போட்டுக் காட்டினேன். கைப்பேசிக் காட்சிகளில் பேசாமல் இருந்தவன், பின்வரிசைக் கேமராவின் காட்சி வந்ததும், “பெரியப்பா, இப்பவும் கை விழுந்த பிறகுதான் சொல்லு கேக்குது” என்றான். நம்பாமல் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். அவன் சொன்னது சரி.

காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். 20 மீட்டரைக் கடக்க 58 மில்லி விநாடி ஆகும். என் கேமராவின் மைக் கைதட்டலைக் கேட்டதே அவ்வளவு தாமதமாகத்தான். அந்தத் தாமதமான ஊசியின்மேல், தாமதமே இல்லாத மிக்ஸர் ஒலியைக் கொண்டுபோய் நான் பொருத்தியிருந்தேன். ஆற்றின் எதிர்க்கரையில் துணி துவைப்பவரைப் பார்க்கும்போது கல்லில் துணி பட்ட பிறகு ஓசை வருவதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம், தொலைவு கண்ணுக்குத் தெரிவதால். ஜூம் செய்த படத்திலோ மிருதங்கம் இரண்டு அடி தூரத்தில் இருப்பதுபோல் தோன்றுகிறது. கண் அந்தத் தாமதத்துக்கு இடம் கொடுப்பதில்லை. ஒலி படத்தை முந்தினால் 40 மில்லி விநாடி வரை, பிந்தினால் 60 வரை ஏற்கலாம் என்பது ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதன்படி என் 58 தேறிவிடும். மிருதங்கக்காரனிடம் தேறவில்லை.

ஒலிக்கோட்டை விட்டுவிட்டு, இரு உள்ளங்கைகளும் சந்திக்கும் ஃபிரேமைப் படத்தில் தேடி, ஃபிரேமோடு ஒட்டிக்கொள்ளும் வசதியை அணைத்து, ஒலியை ஒன்றரை ஃபிரேம் முன்னால் தள்ளினேன். மறுபடி போட்டுக் காட்டியபோது, இரண்டாம் காலத்துக் கோர்வையில் தான் விட்ட அரை அட்சரத்தைப் பற்றி மட்டுமே அவன் பேசிக்கொண்டிருந்தான்.