அலைக்குள் வெயில் தெரிய: எண்ணெய் வண்ணத்தில் கடற்காட்சி பழகுவோருக்கு

கடல் வரையப் பழகுகிறவர்கள் சறுக்குவது நுரையில்தான். எடுத்த எடுப்பிலேயே டைட்டானியம் வெள்ளையை அலை முழுக்க அப்பிவிடுவார்கள். அப்புறம் வெயில் படும் இடத்துக்கு அதைவிட வெளுப்பான நிறத்துக்கு எங்கே போவது?

பழக 16×20 அங்குல கேன்வாஸ் போதும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு நிறத்தை, வண்ணத்தை நீர்க்க வைக்கும் டர்பன்டைனில் கரைத்து, வெறும் தேநீர் நிறத்தில் பூசி, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். வெள்ளைப் பரப்பில் நேரடியாகத் தொடங்கினால் எந்த நிறமும் கருத்தே தெரியும், கண் ஏமாறும். தொடுவானத்தை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில், இரு ஓரத்திலும் ஸ்கேல் வைத்து அளந்து போடுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் கடல் ஒரு பக்கமாக வழியும்.

வானம் முதலில், கடல் நிறத்தை அதனிடம்தான் கடன் வாங்கும். ஈரம் இருக்கும்போதே தொடுவானக் கோட்டை உலர்ந்த அகலத் தூரிகையால் லேசாக நீவிவிடுங்கள்.

மடங்கும் அலையில், முகட்டுக்குச் சற்றுக் கீழே நீர் மெலிந்திருக்கும். அலைக்குப் பின்னாலிருந்து வரும் வெயில் ஊடுருவுவது அங்கேதான். அங்கே விரிடியன் (நீலம் சாய்ந்த பச்சை), கொஞ்சம் எலுமிச்சை மஞ்சள், துளி வெள்ளை. கீழே இறங்க இறங்க மஞ்சளைக் குறைத்து அல்ட்ராமரின் என்ற அடர்நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கூட்டுங்கள். பச்சை மங்கலாகத் தோன்றினால் வெள்ளையைச் சேர்க்காதீர்கள், சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும், சுற்றியுள்ளதை இருட்டாக்குங்கள். கருங்கடல் கரையில் பிறந்த கடற்காட்சி ஓவியர் ஐவஸோவ்ஸ்கி 1850-ல் வரைந்த 'ஒன்பதாவது அலை'யைப் பெரிதாக்கிப் பார்த்தால் இது விளங்கும்.

நுரையின் நிழல் பக்கம் வெள்ளையே அல்ல. வெள்ளையோடு அல்ட்ராமரின், துளி அலிசரின் (அடர் சிவப்பு), துளி யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்): ஊதா கலந்த சாம்பல். இதை ஒரு வாரம் காயவிடுங்கள். பிறகு வெள்ளையில் ஓக்கர் தொட்டு, பேலட் கத்தியால் தடிப்பாக, வெயில் விழும் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். தடவினால் அடி நிறம் கலந்து சேறாகும்.

அடிப் பூச்சுக்கு டர்பன்டைன், மேலே போகப் போக ஆளிவிதை எண்ணெய். மாற்றிச் செய்தால் மேல் பூச்சு முந்திக் காய்ந்து, அடிப்பூச்சு பிறகு அசையும்போது வெடிக்கும். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள். தடிப்பான நுரை உள்ளே இன்னும் ஈரமாக இருக்கும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்துப் போடுங்கள்.