ஒரு சதுர அடிச் சுவர்

உப்புப் பூத்த சுவரைப் பார்க்காமல் ராமநாதபுரம் கடற்கரையில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு வெள்ளையாகப் பொரிந்து, தொட்டால் பொலபொலவென்று உதிரும். இந்தச் சுவரைத் தெரிந்தவருக்குச் சுவரோவிய வரலாற்றில் பாதி ஏற்கெனவே தெரியும். ஆனால் நுண்கலைக் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஓவியம் ஒரு பக்கமாகவும், கலை வரலாறு தேர்வுக்கு முந்தைய வாரம் மனப்பாடம் செய்கிற இன்னொரு பக்கமாகவும் பிரிந்துவிடுகிறது. அப்படிப் படிப்பது பெரிய நஷ்டம். இரண்டையும் ஒன்றாகப் படிக்க நம் மாவட்டத்தில் செய்யக்கூடிய ஒரு பயிற்சியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் கல்லூரி விவரம் சுருக்கமாக. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நான்கு ஆண்டு பி.எஃப்.ஏ. (இளங்கலை நுண்கலை) பட்டப்படிப்பு இருக்கிறது. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உள்ளன, சிற்பத்துக்கு மாமல்லபுரம். சென்னைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. சேர்க்கைக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. மேலே கலை வரலாற்றையே முதன்மைப் பாடமாகப் படிக்க விரும்பினால் பரோடாவிலும் சாந்திநிகேதனிலும் அதற்குத் தனித் துறைகள் இருக்கின்றன. அங்கே போகிறவருக்கும் தூரிகை பிடித்த கை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனிப் பயிற்சி. ராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசத்திலிருந்து தொடங்குங்கள். கட்டடம் ராமநாதபுரத்தை ஆண்ட மன்னர் கிழவன் சேதுபதி காலத்தது. ஓவியங்கள் அவருக்குப் பின் வந்த முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தவை, அதாவது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கட்டடத்தின் வயதும் அதிலுள்ள ஓவியத்தின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்ற அடிப்படைப் பாடம் வாசலிலேயே கிடைத்துவிடுகிறது. உள்ளே ராமாயணக் காட்சிகள், தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், சேதுபதியைப் பார்க்க வந்த ஐரோப்பியர்கள் எல்லாம் சுவர்களில் இருக்கிறார்கள். ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்துகொண்டு நாற்பது நிமிடம் அதன் முன்னால் உட்காருங்கள். செல்பேசி பைக்குள்ளேயே இருக்கட்டும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் ஒரு பக்கம் எழுதுங்கள்: யார் பெரிதாக இருக்கிறார், யார் பக்கவாட்டு முகமாக இருக்கிறார், கோட்டுக்குப் பின் வண்ணமா வண்ணத்துக்குப் பின் கோடா, எந்த வண்ணம் உதிர்ந்திருக்கிறது, எது அப்படியே நிற்கிறது. 'அழகான', 'தத்ரூபமான' போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள். சுவரைத் தொடக் கூடாது. விரலிலுள்ள எண்ணெயும் வியர்வையும் வண்ணத்துக்குக் கேடு.

எது உதிர்ந்தது என்று எழுதினீர்கள் அல்லவா, ஏன் உதிர்ந்தது என்பதைக் கையால் தெரிந்துகொள்ள ஒரு சதுர அடிச் சுவரை நீங்களே செய்ய வேண்டும். ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு, மூன்று வாங்குங்கள். சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பு இரண்டு கிலோ போதும். அதை நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பிளாஸ்டிக் வாளி சூட்டில் இளகும். இரும்பு டின்தான் சரி. நீறியதை வடிகட்டி, மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி மூடி, குறைந்தது மூன்று மாதம் வையுங்கள். அவசரப்பட்டால் நீறாத துகள்கள் பூச்சுக்குள் போய், பிறகு நீறிப் பருத்து, வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு சின்னச் சின்னக் குழிகளாக வெடிக்கும்.

சுண்ணாம்புக்காகக் கரையில் ஒதுங்கும் பவளப்பாறைத் துண்டுகளைப் பொறுக்காதீர்கள். நம் கரையோரப் பழைய கட்டடங்கள் பல அந்தக் கல்லால் ஆனவை. தனுஷ்கோடித் தேவாலய இடிபாட்டில் அதை இன்றும் பார்க்கலாம். இப்போது பவளப்பாறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்த துண்டை எடுத்தாலும் குற்றம்தான்.

மணலும் தண்ணீரும்தான் இந்த வேலையில் உயிர்நாடி. ஆற்று மணலை நல்ல தண்ணீரில் ஐந்தாறு முறை அலசுங்கள். போர்வெல் தண்ணீர் பல ஊர்களில் உவர்ப்பு. குடிக்க வரும் காவிரித் தண்ணீரையோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரையோ பயன்படுத்துங்கள். கடைசியாக அலசிய தண்ணீரில் ஒரு சொட்டைக் கருஞ்சிலேட்டில் விட்டுக் காய வையுங்கள். வெள்ளை வளையம் தெரிந்தால் உப்பு இன்னும் போகவில்லை.

தட்டோட்டை இரவு முழுதும் ஊற வைக்க வேண்டும். காய்ந்த ஓடு பூச்சிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வெடிப்பு விடச் செய்யும். அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு பருமணல்; ஒரு சென்டிமீட்டர் கனம். மேற்பரப்பைக் கீறிவிட்டு ஒரு வாரம் ஈரத்துணி போட்டு வையுங்கள். மேல்பூச்சுக்கு ஒன்றுக்கு ஒன்றரை, சல்லடையில் சலித்த பொடிமணல். நான்கு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். கரண்டியை அதிகம் தேய்த்தால் சுண்ணாம்புப் பால் மேலே வந்து மெல்லிய தோலாகக் காயும், அது வண்ணத்தோடு உரியும். கைவசம் கொத்தனார் யாராவது இருந்தால் இந்த இடத்தில் மட்டும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். அவர் கையின் வேகத்தைப் பார்த்தால்தான் புரியும்.

முதல் ஓட்டில் ஈரப் பூச்சின் மேலேயே வரையுங்கள். விரலால் தொட்டால் தண்ணீர் ஒட்டாமல் லேசான தடம் மட்டும் விழும்போது தொடங்கலாம். அதன் பிறகு கிடைப்பது சில மணி நேரம்தான். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் இன்னும் குறைவு. காவி, மஞ்சள் காவி, கரி இவற்றைத் தண்ணீரில் மட்டும் குழைத்தால் போதும், பசை வேண்டாம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கல்லாகிறபோது வண்ணத்தையும் பிடித்துக்கொள்கிறது. எல்லா வண்ணமும் சுண்ணாம்பைத் தாங்காது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவக்கிறதே, அதுதான் உதாரணம். தாவரச் சாயங்களில் பல ஈரச் சுண்ணாம்பில் நிறம் மாறும் அல்லது வெளுக்கும்.

இரண்டாவது ஓட்டை நான்கு வாரம் காயவிட்டுப் பிசின் சேர்த்து வரையுங்கள். கருவேலம்பிசின் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. இரவு ஊற வைத்துத் துணியில் வடிகட்டி, பூஞ்சை பிடிக்காமல் இரண்டு கிராம்பு போடுங்கள். சீமைக்கருவேலத்துப் பிசின் வேறு, அதை எடுத்துவிடாதீர்கள். காய்ந்ததும் விரலால் தேய்த்தால் பொடி ஒட்டினால் பிசின் போதவில்லை. ஓரம் சுருண்டு செதில் செதிலாகக் கிளம்பினால் அதிகம்.

மூன்றாவது ஓட்டை வேண்டுமென்றே கெடுங்கள்: அலசாத கடற்கரை மணல், உவர் தண்ணீர், பசையில்லாத காவி. கூரை உள்ள, காற்று வருகிற இடத்தில் மூன்றையும் ஒரு மழைக்காலம் வையுங்கள். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு கசிந்து கரையும், குறைந்தால் மீண்டும் பரலாகும், அதாவது படிகமாகும். கடலோரத்தில் இந்த ஏற்ற இறக்கம் ஒரே நாளுக்குள் நடக்கும். ஒவ்வொரு முறையும் பரல் வளர்ந்து மேல்தோலை உள்ளிருந்து தள்ளுகிறது. வைகாசியில் பூசிய ஓடு தை மாதத்துக்குள் பூத்துவிடும்.

அப்புறம் முதல் இரண்டு ஓடுகளிலும் ஈரப் பஞ்சை ஒற்றிப் பாருங்கள். முதலாவதில் வண்ணம் நகராது. இரண்டாவதில் பஞ்சு சிவக்கும். கோயில் சுவரோவியத்தை ஈரத்துணியால் துடைத்துச் 'சுத்தம்' செய்வது என்ன பாவம் என்று அப்போது தெரியும்.

இந்தக் கையோடு கலை வரலாற்றுப் பாடத்தைத் திறந்தால் வரிகள் வேறு மாதிரிப் படிகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். மேலடுக்கு உரிந்த இடத்தில்தான் கீழே இருந்தது தெரிந்தது. சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் பூச்சுகளைச் சோதித்து, சோழர் அடுக்கு ஈரச் சுண்ணாம்பின் மேல் வரையப்பட்டது என்ற முடிவுக்கு வந்தார். உங்கள் இரண்டு ஓடுகளும் அதே கேள்வியின் சிறிய வடிவம்தான். புதுக்கோட்டைப் பக்கத்துச் சித்தன்னவாசல் சமணக் குகை ஓவியங்களை முன்பு பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தவை என்றே எழுதினார்கள். பாண்டிய மன்னன் அவனிபசேகர ஸ்ரீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்பவர் குகையைப் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டு 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பக்கம் திருப்பியது. தேர்வில் ஆண்டை மட்டும் எழுதாமல் அந்த ஆண்டு எந்தச் சான்றால் வந்தது என்றும் ஒரு வரி எழுதுங்கள்: கல்வெட்டா, அடுக்கா, பாணியா, வேதியியலா. பாணியை மட்டும் வைத்துச் சொன்ன ஆண்டுதான் அடிக்கடி மாறும்.

வரைவதற்குக் கரிக்குச்சியும் வீட்டிலேயே செய்யலாம். கரிமூட்டம் போடும் ஊருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் சீமைக்கருவேலக் கரி கடினம், தாளைக் கீறும். பென்சில் கனத்தில் புளியங்குச்சியைத் தோலுரித்துக் காயவைத்து, மூடியில் ஓர் ஆணித் துளையிட்ட டின்னில் நெருக்கி அடுக்கி நெருப்பில் வையுங்கள். துளையில் புகை நின்றதும் இறக்கி, முழுதும் ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் சாம்பல்தான் மிஞ்சும்.

ஒவ்வொரு ஓட்டின் பின்புறமும் தேதி, மணல் எங்கிருந்து வந்தது, எந்தத் தண்ணீர், என்ன பங்கு, பூசிய அன்று என்ன காற்று என்று பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறி மறைந்துவிடும்.