இதோடு 11 பூ

காலையில் பால்கனியைக் கூட்டும்போது துடைப்பத்தோடு வந்தது இன்னொரு மஞ்சள் தக்காளிப் பூ. காம்பின் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன முட்டியில் சரியாக ஒடிந்திருக்கிறது.

இதோடு 11. ஆமாம், எண்ணிக்கொண்டிருக்கிறேன்!

எடின்பரோவில் இருக்கும் அக்கா கொடுத்த தக்காளி விதை. ஸ்டூபிஸ் என்ற செக் நாட்டு ரகம், குளிரிலும் காய்க்கும். அங்கே கொத்துக் கொத்தாய்க் காய்த்து, வாட்சப்பில் படம் படமாய் வருகிறது.

இங்கே கோலாலம்பூர் செந்தூலில் செடி என் தோள் உயரம். இலையைத் தொட்டால் கையெல்லாம் பச்சை வாசம். காய்தான் இல்லை.

பகல் வெயிலை விட இரவுப் புழுக்கம்தான் வில்லன். ராத்திரியும் 24 டிகிரி என்றால் மகரந்தம் சோர்ந்துவிடும், பூ உதிர்ந்துவிடும். குளிரான கேமரன் மலையேறித் தக்காளி போடுகிறார்களே, சும்மாவா?

"குளிரையே தாங்குற செடிக்கு நம்ம ஊரு எம்மாத்திரம்னு நெனச்சேன்" என்றேன் அக்காவிடம்.

"கம்பளி போட்டவனை அடுப்படியில உட்கார வச்சிருக்கே" என்று சிரிக்கிறாள்.

12-வது மொட்டு நாளைக்கு விரியும் போலிருக்கிறது.