தாலி கட்டவில்லை, ஆனாலும் வழக்கு நிலைத்தது

கூட வாழ்ந்தவர் ஒரு நாள் பூட்டை மாற்றிவிட்டார். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருந்த அந்த வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தது, கொலுசுப் பட்டறையில் நான் வேலை பார்த்துச் சேர்த்த பணம். போலீஸில் புகார் கொடுக்கப் போனால், "தாலி கட்டினாராம்மா? இல்லைன்னா என்ன கேஸ்?" என்றார்கள்.

இந்தக் கேள்வியோடு வீடு திரும்பும் பெண்களுக்காகவே எழுதுகிறேன். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம், திருமணம் போன்ற உறவில் ஒரே வீட்டில் வாழ்ந்த பெண்ணுக்கும் உண்டு. அடி உதை இருக்க வேண்டும் என்பதில்லை. குடியிருந்த வீட்டுக்குள் விடாததும் பொருளாதார வன்முறைதான்.

கலெக்டர் ஆபீசில் சமூக நலத்துறைப் பாதுகாப்பு அலுவலர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் வக்கீல் கிடைத்தார். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசம்.

வக்கீலம்மா முதலில் கேட்டதே, "அவருக்கு வேற கல்யாணம் ஆகியிருக்காம்மா?" என்பதுதான். 2010-இல் வேலுசாமி - பச்சையம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இருவரும் மணமுடிக்கத் தகுதியுள்ளவர்களாக, அதாவது வேறு கல்யாண பந்தம் இல்லாதவர்களாகவும் இருந்து, கணிசமான காலம் விரும்பிச் சேர்ந்து, ஊரறியக் கணவன் மனைவி போல வாழ்ந்திருக்க வேண்டும். ஏற்கனவே மனைவி இருப்பதை மறைத்தவனிடம் ஏமாந்த பெண்ணுக்கு இது பெரிய அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

"சும்மா பழக்கம்தான்" என்றது எதிர்த்தரப்பு. எனக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் அவர் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தின் நகலை வாங்கிக் கொடுத்தோம். உறவுமுறை என்ற இடத்தில் 'கணவர்' என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார். வீட்டுக்காரம்மாவும் வந்து, "புருஷன் பொண்டாட்டின்னு சொல்லித்தான் குடிவந்தாங்க" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எடுபடவில்லை.

அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் வாய்தா மேல் வாய்தாதான். ஆனால் இடைக்கால உத்தரவு கேட்கலாம். எனக்கு வேறு வீட்டுக்கான வாடகையும் மாதச் செலவுக்குப் பணமும் அப்படித்தான் கிடைத்தன. என் தையல் மெஷினும் பாத்திரங்களும் திரும்பி வந்தன. ஏற்காட்டில் அவர் பேரில் உள்ள நிலத்தில் பங்கு வராது. சேர்ந்து வாழ்ந்ததால் மட்டும் சொத்துரிமை வந்துவிடாது என்று வக்கீலம்மா ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

மிரட்டல் இருந்தால் பாதுகாப்பு உத்தரவையும் சேர்த்துக் கேளுங்கள். அதை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. உத்தரவின் நகலுக்குக் காசு கிடையாது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.