நாரதர் வேடத்துக்குக் குரல் தேர்வு: ஆனி முதல் ஆவணி வரை

கேரளத்தின் புனலூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தினரும் பாட்டில் ஈடுபாடுள்ள மலையாள நண்பர்களும் சேர்ந்து நடத்தும் ஓர் அமெச்சூர் நாடகக் குழு, இசை நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமண'த்தை வரும் தைப்பூசத்தை ஒட்டி மேடையேற்றத் தீர்மானித்து, முக்கிய வேடங்களுக்கு ஆவணியில் தேர்வு வைப்பதாக அறிவித்தது. செங்கோட்டையில் வீடும் புனலூர் மரக்கடை ஒன்றில் கணக்கெழுதும் வேலையுமாக இருக்கும் நான், கோயில் பஜனையில் பாடிப் பழகிய குரலை நம்பி நாரதர் வேடத்துக்குப் பெயர் கொடுத்தேன். அதற்காகக் குரலை எப்படிப் பழக்கினேன், தேர்வில் என்னென்ன கேட்டார்கள், முடிவு என்ன ஆயிற்று என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நாரதரைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. வேலனாகவும் வேடனாகவும் விருத்தனாகவும் வடிவம் மாறி வரும் முருகன் ராஜபார்ட்டுக்குரிய, அதாவது கதாநாயக நடிகருக்குரிய, வேடம். அதற்குக் குரல் வளத்தோடு இரவு முழுவதும் தாங்கும் உடல் வலுவும் வேண்டும். நாரதருக்கு மேடையில் நேரம் குறைவு. ஆனால் தினைப்புனத்தில் காவல் இருக்கும் வள்ளியோடு அவர் பாட்டிலேயே செய்யும் தர்க்கம் இருக்கிறதே, ஸ்பெஷல் நாடகங்களில் அதைக் கேட்பதற்கென்றே விழித்திருக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகை எதுவும் இல்லாமல் அன்றிரவு மேடையிலேயே சந்தித்து, ஹார்மோனியம், மிருதங்கம், பலவகைத் தாள ஒலிகளை ஒருவரே எழுப்பும் ஆல்ரவுண்ட் ஆகியவற்றின் துணையோடு கேள்வியும் பதிலுமாகப் பாடி விடுவார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது இயலாது. மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தால்தான் வரும். அப்படியிருந்தும் அந்தத் தர்க்கத்தின் உடனடித்தன்மை குறையக் கூடாது என்பதில் குழுவின் வாத்தியார் உறுதியாக இருந்தார். அதனால்தான் தேர்விலேயே தர்க்கத்தையும் சேர்த்திருந்தார்.

முதலில் எதிர்ப்பட்ட கேள்வி சுருதி. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்; எண் கூடக் கூடக் குரல் மேலே போக வேண்டும். பஜனையில் நான் ஒரு கட்டையில் பாடுகிறவன். பெண்கள் பொதுவாக ஐந்து கட்டையை ஒட்டிப் பாடுவார்கள். அவர்களுடைய ஷட்ஜம், அதாவது 'ச' என்னும் அடிப்படை ஸ்வரம், ஒரு கட்டையில் பாடுகிறவருடைய பஞ்சமத்தில், அதாவது 'ப'வில், வந்து விழும். தனித்தனியாகப் பாடும்போது இதனால் தொல்லை இல்லை. ஆனால் ஒரே மெட்டில் வள்ளியாக வருபவர் ஒரு கண்ணியும் நான் ஒரு கண்ணியுமாக மாறி மாறிப் பாட வேண்டிய தர்க்கத்தில், ஒவ்வொரு முறையும் ஹார்மோனியக்காரர் சுருதியை மாற்றிக்கொண்டிருந்தால் வாதத்தின் சூடு ஆறிப்போகும். ஆகவே பெண் சற்று இறங்கியும் ஆண் நன்றாக ஏறியும் ஓர் இடத்தில் சந்தித்தாக வேண்டும். எங்கள் குழு அந்த இடத்தை நான்கு கட்டை என்று வகுத்திருந்தது.

பழைய நாடக மேடையில் ஆண்கள் நான்கு, ஐந்து கட்டைகளில் பாடியது வித்தைக்காக மட்டும் அன்று. ஒலிபெருக்கி மேடைக்கு வராத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் குரல் எட்டியாக வேண்டியிருந்தது. எங்கள் செங்கோட்டையில் பிறந்த எஸ்.ஜி.கிட்டப்பா (1906–1933) இருபத்தேழு வயதுக்குள் வாழ்ந்து முடித்துவிட்டபோதும், அந்த உச்சக் குரலின் புகழ் ஊரில் இன்னும் பேசப்படுகிறது. இன்று மேடையின் முன்னால் மைக் இருக்கும்போது அதே உயரத்தைக் கட்டாயமாக்குவது தேவையில்லை என்பது என் கருத்து. ஆனாலும் தர்க்கத்துக்கு மட்டும் அந்த உயரத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது: குரல் மேலே நிற்கும்போது கேள்வி உண்மையிலேயே கேள்வியாகக் காதில் விழுகிறது.

ஆனியில் பயிற்சியைத் தொடங்கினேன். விடியற்காலையில் தாழ்ந்த மந்தர ஸ்தாயியில் 'ஆ' என்று நீட்டிப் பாடும் அகார சாதகம், பிறகு தொடக்க ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசை மூன்று வேகங்களிலும், அதன் பின்னரே பாட்டு என்று வரிசை வைத்துக்கொண்டேன். கைப்பேசியில் தம்புரா செயலியை ஒலிக்கவிட்டு, ஒரு கட்டை நன்கு நிலைத்த பிறகு ஒன்றரைக்கும், அதன் பின் இரண்டுக்கும் ஏறினேன். குற்றாலத்துச் சாரல் எங்கள் ஊர் வரை வீசும் பருவம் அது. அந்த ஈரக்காற்று தொண்டைக்கு ஒத்துக்கொள்ளாத நாட்களில் ஆவி பிடித்து, பேச்சைக் குறைத்து, பாட்டை நிறுத்திவிட்டு வசனத்தை மட்டும் மனத்துக்குள் ஓட்டினேன். இரண்டரைக் கட்டை வரை குரல் விரும்பி வந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு படியும் உழைப்பாக இருந்தது.

உயரத்தில் பாடும்போது எழுத்துகளைக் கவனிக்க வேண்டும் என்பதை இந்தப் பயிற்சியில் தெளிவாகக் கண்டேன். ஆகாரமும் ஏகாரமும் ஓகாரமும் வாயைத் திறந்து வைப்பதால் மேல் 'ச'வான தார ஷட்ஜத்தில் இயல்பாக நிற்கின்றன; இகரமும் உகரமும் அங்கே நெருக்கிவிடுகின்றன. நெருக்கத்தைத் தவிர்க்க வாயை அதிகம் திறந்தால் சொல்லே வேறாகக் கேட்கிறது. எனவே தேர்வுக்கு, தாளமின்றி இராகத்தில் பாடும் விருத்தத்தைத் தேடும்போது, இராகம் எங்கே உச்சத்தைத் தொடுமோ அங்கே நெடில் வரும்படியான அடிகளைத் தேர்ந்தேன். மோகனத்தில் தொடங்கிச் சண்முகப்பிரியாவில் முடிப்பதாக அதை அமைத்துக்கொண்டேன். தாளத்தோடு பாட வேண்டிய பகுதிக்கு, சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியாரின் (1865–1891) காவடிச்சிந்து ஒன்றைச் செஞ்சுருட்டி இராகத்தில் பாடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கத்துக் காதுகளுக்கு அந்தச் சிந்தின் நடை பிறப்பிலிருந்தே பழக்கம். மேலும் சுவாமிகளின் நாடகங்களிலேயே வெண்பா, விருத்தம், கீர்த்தனை ஆகியவற்றோடு காவடிச்சிந்துக்கும் இடம் உண்டு.

ஆடி பிறந்தபோது பாட்டு ஓரளவு அமைந்துவிட்டது. அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கிற்று. என் சித்தப்பா இளமையில் நாடக செட்டுகளில் மிருதங்கம் வாசித்தவர். நான் பாடியதை முழுக்கக் கேட்டுவிட்டு, "பாட்டு நல்லாத்தாண்டே இருக்கு. ஆனா நாடகத்துல பாட்டு பல்லவியில ஆரம்பிக்காது, அதுக்கு முந்தின வசனத்துலயே ஆரம்பிச்சிரும். அந்த இடத்தைப் பாடிக் காட்டு" என்றார். "வசனத்தை எப்படிப் பாட, சித்தப்பா?" என்று கேட்டேன். "பாடவும் கூடாது, சும்மா பேசவும் கூடாது. பேச்சு சுருதியில நிக்கணும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைச் செயலில் கொண்டுவருவதற்கே ஆடி முழுவதும் செலவாயிற்று. கச்சேரியில் பாடகர் அமைதியிலிருந்து பாட்டுக்குள் நுழைகிறார். இசை நாடகத்திலோ ஒருவர் இன்னொருவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே, இனிப் பேச்சு போதாது என்ற நிலை வந்து, பாட்டு எழ வேண்டும். வசனம் தன் இயல்பான தாழ்ந்த குரலில் முடிந்து, ஹார்மோனியம் சுருதி காட்ட, நடிகர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பல்லவியை எடுத்தால், அந்த இடைவெளியில் நாரதர் மறைந்து பாடகர் மட்டும் நிற்கிறார்.

இதற்கு நான் பின்பற்றிய முறை இது. பாட்டுக்கு முந்தைய வசனத்தின் கடைசித் தொடரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் ஈற்றுச் சொல் ஷட்ஜத்திலோ பஞ்சமத்திலோ வந்து அமரும்படி பேசிப் பழகினேன். முழு வசனத்தையும் சுருதியில் நிறுத்தினால் அது மந்திரம் ஓதுவதுபோல் ஆகிவிடும். ஆகவே தொடக்கம் பேச்சாகவே இருந்து, கடைசி மூன்று நான்கு சொற்களில் குரல் மெல்ல ஏறி அந்த ஸ்வரத்தைப் பற்ற வேண்டும். அடுத்தது மூச்சு. வசனம் முடிந்ததும் மூச்சு வாங்குவதுதான் எல்லோருக்கும் இயல்பு. ஆனால் அங்கே வாங்கினால் மேலே சொன்ன இடைவெளி விழுகிறது. கடைசித் தொடருக்கு முன்னால், வள்ளியின் பதிலுக்குக் காத்திருப்பதுபோன்ற ஒரு நிறுத்தத்தில் மூச்சை நிரப்பிக்கொண்டு, அந்த ஒரே மூச்சில் வசனத்தின் முடிவையும் பல்லவியின் எடுப்பையும் சேர்த்துச் சொன்னபோதுதான் இரண்டும் ஒட்டின. மூன்றாவது, காலப்பிரமாணம். பேச்சின் வேகம் பாட்டின் வேகத்துக்கு முன்கூட்டியே வந்து சேர்ந்திருந்தால், மிருதங்கக்காரர் கையை வைக்கும் இடம் தானாகத் தெரிகிறது என்று சித்தப்பா தொடையில் தட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார்.

செங்கோட்டை–புனலூர் ரயில் பயணம் இதற்குப் பெரிய உதவியாக இருந்தது. 2018-இல் அகலப் பாதையாகத் திறக்கப்பட்ட பிறகும், பகவதிபுரம் தாண்டி மலை ஏறி ஆரியங்காவுக்குப் போகும் வரை வண்டி மெதுவாகத்தான் செல்லும். காதில் தம்புரா, வாயில் தணிந்த குரலில் வசனம் என்று அந்த நேரத்தை முழுமையாகப் பயன்படுத்தினேன். மாலையில் வீட்டில் அதே பகுதியைப் பதிவு செய்து, வசனத்தின் முடிவு சுருதியில் விழுந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பார்ப்பேன். குரல் இனிமையாக இருக்கிறதா என்ற கேள்வியை அந்த வாரங்களில் ஒதுக்கியே வைத்திருந்தேன்.

தேர்வு ஆவணியில், கல்லடையாற்றுக்கு அருகில் உள்ள ஒரு மண்டபத்தில் நடந்தது. வாத்தியாரும், நடனம் கற்பிக்கும் ஓர் அம்மையாரும், ஹார்மோனியத்தின் முன் அமர்ந்த மாஷும் தேர்வாளர்கள். மாஷ் மலையாளி; ஆசிரியரை அவர்கள் அழைக்கும் சொல் அது. தமிழ் நாடகக் குழுக்கள் திருவிதாங்கூரில் வந்து ஆடியதன் தாக்கத்தில்தான் மலையாளத்தில் சங்கீத நாடகம் வேரூன்றியது என்பதையும், பரவூர் கே.சி.கேசவ பிள்ளையின் 'சதாராமா' 1903-இல் அந்த வழியில் வந்தது என்பதையும், பின்னாளில் செபாஸ்டியன் குஞ்ஞுகுஞ்ஞு பாகவதரும் யேசுதாஸின் தந்தை அகஸ்டின் ஜோசப்பும் அதே மரபில் பாடி நடித்தார்கள் என்பதையும் காத்திருந்த எங்களுக்கு அவர்தான் விளக்கினார். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த ஊர்தானே. இந்த நாடகத்தை மலைக்கு இருபுறத்தாரும் சேர்ந்து ஆடுவது எனக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது. ழகரத்தையும் றகரத்தையும் புனலூர்க்காரர்கள் எவ்வளவு சுத்தமாக உச்சரிக்கிறார்கள் என்பதையும் அன்று கவனித்தேன். தமிழ்நாட்டிலிருந்து போன எங்களில் பலர் அந்த உச்சரிப்பை அவர்களிடம் கற்க வேண்டும்.

விருத்தத்தை இரண்டரைக் கட்டையில் பாடினேன், முழுவதும் கேட்டார்கள். காவடிச்சிந்தைப் பாதியில் நிறுத்திய வாத்தியார், "தம்பி, இப்ப பாடின அடியையே எதிரே நிக்கிற வள்ளிகிட்டப் பேச்சாச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். பிறகு, அதுவரை பார்த்திராத வசனத் தாள் ஒன்றைக் கொடுத்து, அதைப் பேசி முடிக்கும் இடத்திலிருந்து, ஹார்மோனியத்தின் துணை இல்லாமலே அதே காவடிச்சிந்தை எடுக்கச் சொன்னார். மாஷ் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்து, நான் பல்லவியை எடுத்த பிறகே கட்டையை அழுத்தினார். சுருதி சேர்ந்திருந்தது, அவர் தலையசைத்தார். சப்ளாக்கட்டையைத் தட்டிக்கொண்டே மேடையைச் சுற்றி நடந்து பாடச் சொன்னது அடுத்த பகுதி. அதை நடன அம்மையார் பார்த்துக்கொண்டார், விரைவில் முடிந்தது.

இறுதியாகத் தர்க்கம். வள்ளி வேடத்துக்கு வந்திருந்த ஒரு செவிலியரோடு என்னை நிறுத்தி, மெட்டை ஒருமுறை வாசித்துக் காட்டி, "தனியே காவல் நிற்பது பெண்ணுக்குப் பெருமையா" என்ற பொருளைக் கொடுத்தார்கள். அவர் கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனார். நான்கு கட்டையில் முதல் கண்ணிகள் எனக்குத் தெளிவாகவே அமைந்தன. வாதம் நீண்டபோது குரல் நின்றதே தவிர, சொற்களின் கூர்மை தேய்ந்தது எனக்கே கேட்டது. எனக்கு அடுத்து வந்த கல்லூரி மாணவர் அந்த உயரத்தில் பேசுவதுபோலவே பாடினார். வள்ளியின் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்தே தன் கண்ணியைத் தொடங்கினார். மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

அவருக்கே நாரதர் வேடம் கிடைத்தது, சரியான தேர்வு. எனக்கு வள்ளியின் வளர்ப்புத் தந்தையான நம்பிராஜன் வேடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். பாட்டுகள் குறைவு, வசனம் அதிகம், சுருதி இரண்டரைக் கட்டை. வசனத்திலிருந்து பாட்டுக்குப் போன விதத்தைப் பார்த்துத்தான் இந்த வேடத்துக்கு என்னை நினைத்ததாக வாத்தியார் சொன்னார். மகளைத் தினைப்புனத்துக்கு அனுப்பும் காட்சியில் நம்பிராஜன் கட்டளையாகப் பேசத் தொடங்கி, வாஞ்சையோடு பாடி முடிக்க வேண்டும். கட்டளைக்குரிய தடித்த குரலிலிருந்து பாட்டின் ஷட்ஜத்துக்கு வரும் வழியை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். கட்டளையின் முடிவில் மகளின் பெயரைச் சொல்லி அழைக்கும் இடத்தில் குரல் பஞ்சமத்தைத் தொட்டால் வழி கிடைக்கும் என்று தோன்றுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் மாஷிடம் வாசித்துக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

தோழியர், வேடர் கூட்டம் ஆகிய வேடங்களுக்கு ஐப்பசியில் இன்னொரு தேர்வு நடக்கும். வருகிறவர்கள் ஒரு விருத்தமும் தாளத்தோடு ஒரு பாட்டும் தயார் செய்துகொண்டு, அந்தப் பாட்டுக்கு முன்னால் பேசக்கூடிய நான்கு வரி வசனத்தையும் தாங்களே எழுதிக்கொண்டு வருவது நல்லது. அதைத்தான் வாத்தியார் முதலில் கேட்பார்.